செம்புத்தோல் போர்த்திய ஈயம்

துப்பாக்கிக் குண்டு எதனால் ஆனது என்று யாரைக் கேட்டாலும் ஈயம் என்றுதான் சொல்வார்கள். ஆனால் தமிழ் சினிமாவில் டாக்டர் இடுக்கியால் எடுத்து எஃகுக் கிண்ணத்தில் ‘டங்’ என்று போடுகிற குண்டு எப்போதும் செம்பு நிறத்தில் பளபளக்கிறது. பறிமுதல் செய்த தோட்டாக்களைப் பரப்பிவைத்துச் செய்தித்தாளில் போடும் படங்களிலும் பெரும்பாலும் அதே நிறம்தான். ஈயமோ மங்கிய சாம்பல் நிறம். நகத்தால் கீறினாலே கோடு விழும். அந்தச் செம்பு எங்கிருந்து வந்தது? அழகுக்காகப் பூசியதா? பூசித்தான் ஆக வேண்டும் என்றால் எவ்வளவு கனத்துக்குப் பூச வேண்டும்?

இந்தக் கடைசிக் கேள்வியை அடிக்கடி கேட்டுக்கொள்கிற ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது. சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கிவந்து, வீட்டுக் கார் கொட்டகையில் ஒரு நெம்புகோல் எந்திரத்தைப் பொருத்தி, புது மருந்தும் புதுக் குண்டும் வைத்து அதை மறுபடி தோட்டாவாக்குகிறவர்கள் அவர்கள். இந்த வேலைக்கு ரீலோடிங் என்று பெயர். நாம் மறுநிரப்பு என்போம். அங்கே அது சட்டத்துக்கு உட்பட்ட பொழுதுபோக்கு. குறிபார்த்துச் சுடும் போட்டிகளுக்குப் போகிறவர்கள் செலவைக் குறைக்கவும், தங்கள் கைக்கு ஏற்ற தோட்டா கிடைக்கவும் இதைச் செய்கிறார்கள். இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆகவே நாம் வேடிக்கை மட்டும் பார்க்கலாம். பார்ப்பதற்கு இயற்பியலும் வேதியியலும் வேண்டிய மட்டும் இருக்கின்றன.

உறுப்புகளுக்குப் பெயர் வைத்துவிடுவோம். முழுப் பொருள் தோட்டா. அதில் நான்கு பகுதிகள்: பித்தளைக் கூடு, கூட்டின் அடியில் அடிபட்டதும் பொறி கக்கும் சிறு மூடியான பிரைமர், உள்ளே வெடிமருந்து, கூட்டின் வாயில் செருகிய குண்டு. சுடும்போது குண்டு மட்டுமே பறக்கிறது. மருந்து எரிந்துபோகிறது, கூடு வெளியே தெறித்து விழுகிறது. விலை அதிகமான கூடு மிஞ்சுவதால்தான் மறுநிரப்புக்கே அர்த்தம்.

ஈயத்தின் இரண்டு குணங்கள்

குண்டுக்கு ஈயத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம் கனம். ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், இரும்பு 7.9, செம்பு 9. ஒரே பருமனில் கனமான பொருள் காற்றின் தடையை மீறி வேகத்தைத் தக்கவைத்துக்கொள்ளும். தங்கமும் டங்ஸ்டனும் இன்னும் கனம்தான், விலை இடிக்கிறது.

இரண்டாவது குணம் மென்மை. துப்பாக்கிக் குழலின் உட்சுவர் வழவழப்பான குழாய் அல்ல. அதில் சுருள் சுருளாகப் பள்ளங்கள் வெட்டியிருக்கும். சுருள்பள்ளம் என்று சொல்லிக்கொள்வோம். பள்ளத்துக்குப் பள்ளம் நடுவே நிற்கும் மேட்டில் குண்டு தன்னை அழுத்திப் பதித்துக்கொண்டு திருகியபடியே முன்னேறுகிறது. வெளியே வரும்போது தன் அச்சில் சுழல்கிறது; சுழல்வதால் தலைகுப்புற உருளாமல் நேராகப் போகிறது. மேடு பதிய வேண்டுமென்றால் குண்டு விட்டுக்கொடுக்க வேண்டும். பள்ளத்தை முழுக்க அடைத்துக்கொண்டு போகாவிட்டால் பின்னாலிருந்து தள்ளுகிற வாயு இடுக்கு வழியே முந்திக்கொண்டு ஓடிவிடும். ஈயம் இரண்டையும் மறுப்பில்லாமல் செய்கிறது.

கருமருந்துக் காலம் முழுக்க ஈயத்தின்மேல் பெரிய புகார் எழவில்லை. கருமருந்து தள்ளும் வேகத்துக்கு ஈயம் போதுமானதாக இருந்தது. 1884இல் பிரான்சில் பால் வியெய் புகையில்லா மருந்தைக் கண்டுபிடித்தார். அடுத்த இரண்டாண்டில் அதைப் போட்டுச் சுடும் லெபெல் ரைஃபிள் பிரெஞ்சுப் படைக்கு வந்தது. அதே மருந்து எடைக்கு மிக அதிகமான வேகம் கிடைத்தது. ஈயக் குண்டு அந்த வேகத்தைத் தாங்கவில்லை. குழலின் உட்சுவரில் ஈயம் ஒட்டிப் படிந்தது. சில டஜன் தடவை சுட்டதும் சுருள்பள்ளமே தூர்ந்துபோய்க் குறி தவறத் தொடங்கியது.

உருகுகிறதா, உரிகிறதா?

ஈயம் 327 டிகிரி செல்சியஸில் உருகும். எரியும் மருந்தின் வாயு 2000 டிகிரிக்கு மேல் இருக்கும். அப்புறம் என்ன, குண்டின் அடி உருகி ஒழுகுகிறது என்று முடிவு கட்டிவிடலாம் என்று தோன்றும். நேரத்தைக் கணக்கில் எடுத்தால் அந்த முடிவு ஆட்டம் காண்கிறது.

நாம் இந்த அத்தியாயம் முழுக்க ஒரே ஒரு குண்டைப் பின்தொடர்வோம். உலகில் மிகப் பரவலான கைத்துப்பாக்கித் தோட்டா 9 மில்லிமீட்டர் லூகர். அதில் செருகும் சாதாரணக் குண்டின் எடை 115 கிரெய்ன். கிரெய்ன் என்பது பழைய ஆங்கிலேய நிறுவை. ஒரு பவுண்டில் 7000 கிரெய்ன். நம் கணக்கில் 115 கிரெய்ன் ஏறத்தாழ ஏழரை கிராம். இது சுமார் 10 சென்டிமீட்டர் நீளக் குழலிலிருந்து வினாடிக்கு 350 மீட்டர் வேகத்தில் வெளியேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். நிலையாக நின்ற குண்டு அந்த 10 சென்டிமீட்டரைக் கடக்க எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறக்குறைய அரை மில்லி வினாடி. அந்த அவகாசத்தில் வெப்பம் ஈயத்துக்குள் ஊடுருவக்கூடிய ஆழம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான். குண்டின் உள்ளே இருக்கும் ஈயத்துக்கு நடந்ததே தெரியாது.

ஆகவே குற்றவாளி வெறும் சூடு அல்ல. குண்டு குழலைவிடச் சற்றே ஒல்லியாக இருந்தால் பக்கவாட்டில் கசியும் வாயு, பீச்சியடிக்கும் தீயாக ஓரத்து ஈயத்தை அரித்து முன்னால் தெளிக்கிறது. உராய்வு மேற்பரப்பை வழித்தெடுக்கிறது. ஈயம் மிக மென்மையாக இருந்தால் சுருள்மேட்டைப் பற்றிக்கொள்ள முடியாமல் வழுக்கி உரிகிறது. இதற்குப் பழைய வைத்தியங்கள் உண்டு. ஈயத்தோடு வெள்ளீயமும் ஆன்டிமனியும் கலந்து கெட்டிப்படுத்துவார்கள். குண்டைச் சுற்றி வரிப்பள்ளம் வெட்டித் தேன்மெழுகு கலந்த பசையைத் தடவுவார்கள். அடியில் ஒரு குட்டிச் செம்புக் கிண்ணத்தைக் கவிழ்ப்பார்கள். இன்றும் சொந்தமாக ஈயம் உருக்கி வார்க்கிறவர்கள் இதையெல்லாம் செய்கிறார்கள். புகையும் பிசுக்கும் பொறுக்கிறவர்களுக்கு அது நல்ல வழிதான்.

முழு உறை, ஆனால் முழுதல்ல

புகையில்லா மருந்து வருவதற்குச் சற்று முன்பே, 1880களின் தொடக்கத்தில், சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் ஈயத்துக்குச் செம்பு உறை மாட்டியிருந்தார். செம்பு 1085 டிகிரியில்தான் உருகும்; ஈயத்தைவிடக் கடினம், எஃகுக் குழலைவிட மென்மை. குழலைத் தேய்க்காமல், தானும் உரியாமல் இருக்க இந்த நடுத்தரம் கச்சிதமாகப் பொருந்தியது. இன்று உறைக்குப் பெரும்பாலும் 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவையைப் பயன்படுத்துகிறார்கள். தகட்டை வட்டமாக வெட்டி, கிண்ணமாக அழுத்தி, இழுத்து நீட்டி, உள்ளே ஈயத்தைத் திணித்து மடிப்பார்கள். உறையின் கனம் அரை மில்லிமீட்டர் அளவுக்கு இருக்கும்.

கிண்ணம் என்றால் ஒரு பக்கம் திறந்திருக்க வேண்டுமே. அந்தத் திறந்த பக்கம் குண்டின் அடியில் வருகிறது. ‘ஃபுல் மெட்டல் ஜாக்கெட்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தாலும் திருப்பிப் பார்த்தால் அடியில் ஈயம் எட்டிப் பார்க்கும். வாயு சுடச்சுட மோதுகிற இடமும் அதுவேதான்.

உறையை எங்கே திறந்துவைப்பது என்பதில் நம் நாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. 1890களில் கொல்கத்தாவுக்கு அருகே டம்டம் படைக்கலச் சாலையில் பிரிட்டிஷார் நுனியில் ஈயம் வெளித்தெரியும் குண்டைச் செய்தார்கள். உடலில் பட்டதும் விரிந்து பெருங்காயம் செய்தது. 1899இல் தி ஹேக் மாநாட்டின் பிரகடனம் போரில் அந்த வகையை விலக்கியது. அடியும் திறந்து, நுனியையும் அரத்தால் தேய்த்துத் திறந்துவிட்டால் உறை இருபக்கமும் திறந்த குழாயாகிவிடும். வாயு ஈயத்தை மட்டும் தள்ளி வெளியேற்றிவிட்டு உறையைக் குழலுக்குள்ளேயே விட்டுவைக்கும் ஆபத்து அதில் இருந்தது. உறையும் ஈயமும் வெறுமனே அழுத்தத்தால் சேர்ந்திருக்கின்றன, ஒட்டியிருக்கவில்லை என்பதை இங்கே கவனித்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

கவரிங் கடை வேதியியல்

உறை மாட்டுவதற்கு அழுத்து எந்திரங்கள் வரிசையாக வேண்டும். இன்னொரு வழி இருக்கிறது. சிதம்பரத்தில் கவரிங் வளையல் வாங்கியவர்களுக்கு அது புதிதல்ல. உள்ளே செம்பு, மேலே மின்சாரத்தால் படியவைத்த மெல்லிய தங்கம். அதே மின்முலாம்தான் இங்கும். தங்கத்தின் இடத்தில் செம்பு, செம்பின் இடத்தில் ஈயம்.

செம்பு உப்பு கரைந்த தொட்டியில் ஈயக் குண்டுகளை எதிர்முனையோடு இணைத்து வைக்கிறார்கள். நேர்முனையில் செம்புக் கட்டிகள் தொங்கும். மின்சாரம் ஓடும்போது கட்டியிலிருந்து செம்பு கரைந்து, மின்னூட்டம் பெற்ற அணுக்களாக நீந்திவந்து குண்டின்மேல் அமர்கிறது. எவ்வளவு மின்சாரம் ஓடியதோ அவ்வளவு செம்பு. இந்த நேர்விகிதத்தை மைக்கேல் ஃபாரடே 1830களில் நிறுவிவிட்டார்: ஒரு ஆம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் ஓடினால் படியும் செம்பு ஏறத்தாழ 1.19 கிராம். கூடவும் முடியாது, குறையவும் முடியாது.

நம் 115 கிரெய்ன் குண்டுக்கு இதைப் போட்டுப் பார்ப்போம். குண்டு சுமார் ஒன்றரை சென்டிமீட்டர் நீளம், 9 மில்லிமீட்டர் தடிமன், முன்பக்கம் உருண்டை. அடியையும் சேர்த்து மேற்பரப்பு ஏறக்குறைய 4 சதுர சென்டிமீட்டர் வரும். அதன்மேல் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்குச் செம்பு படிய வேண்டும். பரப்பையும் கனத்தையும் பெருக்கினால் 0.04 கன சென்டிமீட்டர், எடையாக்கினால் 0.36 கிராம். குண்டின் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்கு.

இவ்வளவு செம்பையும் அவசரமாக ஏற்ற முடியாது. மின்னோட்டத்தைக் கூட்டினால் செம்பு ஓரங்களிலும் முனைகளிலும் முண்டியடித்துப் படிந்து, சொரசொரப்பாகவும் பொடிப்பொடியாகவும் ஆகிவிடும். வழவழப்பாகப் படிய வேண்டுமென்றால் நூறு சதுர சென்டிமீட்டருக்கு இரண்டு ஆம்பியர் என்பதுபோன்ற நிதானம் வேண்டும். நம் குண்டின் பங்குக்கு 0.08 ஆம்பியர். மணிக்குப் படிவது 0.095 கிராம். ஆக 0.36 கிராம் சேர ஏறக்குறைய நான்கு மணி நேரம். பத்தில் இரண்டு பங்கு கனம் வேண்டுமென்றால் எட்டு மணி நேரம். ஆயிரம் குண்டுகளை ஒன்றாகப் போட்டால் 80 ஆம்பியர் ஓட வேண்டும். முலாமின் கனம் கூடக்கூட விலை ஏறுவதற்குச் செம்பின் விலை மட்டும் காரணமல்ல, தொட்டியில் கழியும் நேரமும் காரணம்.

நடைமுறையில் குண்டுகளைத் துளைபோட்ட உருளைக்குள் கொட்டி, அதைத் தொட்டிக்குள் மெல்ல உருட்டிக்கொண்டே இருப்பார்கள். எல்லாப் பக்கமும் முறைவைத்துச் செம்பு படியும். ஆனாலும் அச்சில் வார்த்த சீர்மை கிடைக்காது. அதனால் முலாம் முடிந்ததும் குண்டை மறுபடி அச்சில் வைத்து அழுத்திச் சரியான விட்டத்துக்குக் கொண்டுவருகிறார்கள். யூட்டா மாநிலத்தின் பெரீஸ் நிறுவனமும் வாஷிங்டன் மாநிலத்தின் ரெய்னியர் நிறுவனமும் மறுநிரப்புக்காரர்களிடம் இந்த வகையால் பெயர் பெற்றவை. தொடக்கத்திலேயே ஈயத்தைப் பத்தில் இரண்டு பங்கு மில்லிமீட்டர் ஒல்லியாகச் செய்தால்தான் முலாம் ஏறியபின் அளவு சரியாக வரும் என்பது சொல்லாமலே விளங்கும்.

அச்சில் மறுபடி அழுத்துவது பளபளப்புக்காக அல்ல. குண்டின் எடைமையம் அதன் அச்சிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு விலகியிருந்தாலே, சுழன்றபடி குழலைவிட்டு வெளியேறும் கணத்தில் அது பக்கவாட்டில் வீசப்படும். நம் குண்டுக்குக் கணக்கிட்டால் 25 மீட்டர் தூரத்தில் 6 மில்லிமீட்டர் தள்ளிப்போய் அடிக்கும். போட்டிக்காரருக்கு இது சின்ன விஷயமல்ல. முலாம் பூசிய குண்டு நல்ல உறைக்குண்டின் துல்லியத்தை எட்டுவதில்லை என்ற பொதுவான முணுமுணுப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

மேட்டின் உயரமும் முலாமின் கனமும்

9 மில்லிமீட்டர் துப்பாக்கிகளுக்கு அமெரிக்கத் தோட்டாத் தொழிலின் தர அமைப்பான சாமி வகுத்த அளவின்படி குழலின் உள்விட்டம் மேட்டுக்கு மேடு 0.346 அங்குலம், பள்ளத்துக்குப் பள்ளம் 0.355 அங்குலம். இரண்டையும் கழித்துப் பாதியாக்கினால் மேட்டின் உயரம் கிடைக்கும்: 0.11 மில்லிமீட்டர்.

சற்று முன் நாம் பூசிய முலாமின் கனம் 0.1 மில்லிமீட்டர்.

முலாம் பூசிய குண்டின் குணமெல்லாம் இந்த இரண்டு எண்களும் அருகருகே நிற்பதிலிருந்துதான் பிறக்கிறது. சுருள்மேடு குண்டுக்குள் பதிகிற ஆழமும் செம்பின் கனமும் ஏறத்தாழ ஒன்று. அப்படியானால் மேடு செம்பைக் கிழித்து ஈயத்தைத் தொட்டுவிடாதா? சாதாரணமாகத் தொடாது. அடியில் இருக்கும் மென்மையான ஈயம் விட்டுக்கொடுப்பதால் செம்பு அறுபடாமல் உள்நோக்கி மடிந்து நெளிகிறது. அந்த நெளிவு எவ்வளவு வேகமாக, எவ்வளவு முரட்டுத்தனமாக நடக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அரை மில்லிமீட்டர் உறைக்கு இந்தக் கவலையே இல்லை. மேடு அதில் நான்கில் ஒரு பங்குகூட இறங்காது.

அழுத்தத்தைப் பாருங்கள். 9 மில்லிமீட்டர் லூகருக்கு சாமி அனுமதிக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்டு. காற்றழுத்தத்தைப்போல் சுமார் 2,400 மடங்கு. அந்த உச்சத்தில் சுண்டுவிரல் நுனியளவு அடிப்பரப்பில் விழும் விசை ஒன்றரை டன். அதே அமைப்பு 45 ஏ.சி.பி. தோட்டாவுக்கு 21,000 பவுண்டும் 38 ஸ்பெஷலுக்கு 17,000 பவுண்டும் விதிக்கிறது. இவை இரண்டும் முலாம் குண்டுக்கு மெத்தை விரித்த இடங்கள்.

அடுத்தது சுழற்சி. 9 மில்லிமீட்டர் குழலில் சுருள் பெரும்பாலும் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வினாடிக்கு 350 மீட்டரில் போகும் குண்டு வினாடிக்கு 1,378 சுற்றுச் சுழல வேண்டும். நிமிடத்துக்கு எண்பதாயிரம் சுற்றுக்கு மேல். கடையிலிருந்து வாங்கிவந்தபோது சும்மா கிடந்த குண்டு, அரை மில்லி வினாடியில் இந்தச் சுழற்சியை எட்டியாக வேண்டும். திருகும் விசை முழுவதும் செம்புத் தோல் வழியாகத்தான் ஈயத்துக்குப் போகிறது. தோல் ஈயத்தோடு அணுவுக்கு அணு ஒட்டியிருப்பதால் இந்த அளவுவரை பிரச்சினை இல்லை. வேகம் கூடும்போது திருகலும் கூடும். ஏதோ ஒரு புள்ளியில் மேடு செம்பை நெளிக்காமல் கிழிக்கத் தொடங்கும். கிழிசல் விழுந்த குண்டு குழலைவிட்டு வெளியே வந்ததும் சுழற்சி அதன் தோலை விசிறியடிக்கும். குறிப்பலகையில் வட்டமான துளைக்குப் பக்கத்தில் பொடித் துணுக்குகள் தெரிந்தாலோ, தொகுப்பாக விழ வேண்டிய அடிகள் காரணமில்லாமல் சிதறினாலோ அனுபவசாலிகள் முதலில் சந்தேகிப்பது இதைத்தான்.

பெரீஸ் தன் சாதாரண முலாம் குண்டுகள் பலவற்றுக்கு வினாடிக்கு 1,250 அடி, அதாவது சுமார் 380 மீட்டர், என்று எல்லை வகுத்ததும் கனத்த முலாம் ரகங்களுக்கு 1,500 அடிவரை அனுமதித்ததும் இந்தப் பின்னணியில்தான். ரைஃபிள்களில் குண்டு வினாடிக்கு 900 மீட்டரில் பறந்து, சுழற்சி நிமிடத்துக்கு மூன்று லட்சத்தை நெருங்கும். அங்கே மெல்லிய முலாமுக்கு வேலையில்லை.

முலாம் என்றாலே மட்டம் என்று எண்ணிவிடக் கூடாது. ஸ்பியர் நிறுவனத்தின் கோல்ட் டாட் குண்டும் மின்முலாம் வழியில் பிறந்ததுதான். அதில் செம்பு உறைக்கு நிகரான கனம் வரும்வரை படியவைக்கிறார்கள். ஈயத்தோடு ஒட்டியிருப்பதால் குண்டு பட்டு விரிந்தாலும் உறை கழன்று தனியே போவதில்லை. வெறும் அழுத்தத்தால் சேர்த்த பழைய உறைக்கு இல்லாத சாதகம் இது. அமெரிக்கக் காவல் துறைகள் பலவற்றில் அது நிலைத்ததற்கு இந்தப் பிடிப்பு முக்கியக் காரணம். முறை ஒன்றுதான், கனம்தான் வேறு.

வேகத்திலிருந்து குண்டுக்கு

ஆகவே தேர்வின் வரிசை தலைகீழாக இருக்க வேண்டும். புதியவர்கள் முதலில் விலையையும் குண்டின் வடிவத்தையும் பார்க்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது எவ்வளவு வேகம் வேண்டும் என்பது.

போட்டிச் சுடுதலில் அதற்கு விடை சட்டென்று கிடைக்கிறது. யுனைடெட் ஸ்டேட்ஸ் பிராக்டிகல் ஷூட்டிங் அசோசியேஷன் நடத்தும் போட்டிகளில் ‘பவர் ஃபேக்டர்’ என்று ஒரு கணக்கு உண்டு: குண்டின் கிரெய்ன் எடையையும் வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தையும் பெருக்கி ஆயிரத்தால் வகுப்பார்கள். மைனர் பிரிவுக்கு 125 போதும். நம் 115 கிரெய்ன் குண்டு 1,087 அடி வேகத்திலேயே அந்தக் கோட்டைத் தொட்டுவிடும். 147 கிரெய்ன் குண்டை எடுத்தால் 900 அடியில் 132 வந்துவிடுகிறது. இரண்டும் முலாமின் எல்லைக்கு வெகு கீழே. அதற்குமேல் வேகம் கூட்டினால் கைக்கு அதிர்ச்சிதான் கூடும், மதிப்பெண் கூடாது. இப்படிப்பட்டவர் உறைக்குண்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண்.

357 மேக்னம் தோட்டாவை முழு வீச்சில் சுட விரும்புகிறவர் கதை வேறு. 125 கிரெய்ன் குண்டு அங்கே 1,400 அடியைத் தாண்டும். சாதாரண முலாம் கூடாது. கனத்த முலாமோ உறையோ வேண்டும். அதே துப்பாக்கியில் மெதுவான 38 ஸ்பெஷல் தோட்டா போட்டுப் பயிற்சி எடுப்பவருக்கு மறுபடி சாதாரண முலாமே போதும். துப்பாக்கி ஒன்றுதான், வேகம் மாறியதும் விடை மாறிவிட்டது.

விட்டம் அடுத்த கேள்வி. 9 மில்லிமீட்டர் உறைக்குண்டு 0.355 அங்குலம், முலாம் குண்டுகளில் 0.356 அங்குலமும் கிடைக்கிறது. ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு வித்தியாசம் அற்பமாகத் தெரியலாம். பழசாகித் தேய்ந்து அகன்ற குழலில் வாயு கசியாமல் அடைப்பதற்கு அந்த ஒரு பங்கு உதவும். இறுக்கமான குழலில் தோட்டா உள்ளே இறங்காமல் அடம்பிடிக்கும். குழலைத் தனியே கழற்றி, முடித்த தோட்டாவை அதில் போட்டால் தானாக விழுந்து உட்கார வேண்டும், கவிழ்த்தால் தானாக வெளியே வர வேண்டும். காசில்லாத சோதனை. செய்யாதவர்களே அதிகம்.

மருந்தின் அளவை நான் இங்கே எழுதப்போவதில்லை. அது குண்டையும் மருந்தையும் தயாரிப்பவர் வெளியிடும் அட்டவணையிலிருந்து மட்டுமே எடுக்க வேண்டிய எண். ஆனால் முலாம் குண்டுக்கென்று தனி அட்டவணை எப்போதும் கிடைக்காது. அப்போது ஈயக் குண்டின் அட்டவணையை, அல்லது உறைக்குண்டு அட்டவணையின் கீழ்ப்பாதியை எடுத்துக்கொள்ளும்படி தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள். உறைக்குண்டின் உச்ச அளவை அப்படியே எடுத்தால் வேக எல்லை தாண்டலாம். ரொம்பக் கீழே இறங்கினாலும் வம்பு. செம்புத் தோலுக்குப் பசை தடவிய ஈயத்தைவிட உராய்வு அதிகம். தள்ளு போதாவிட்டால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால் குழல் வெடிக்கலாம்.

வாயை இறுக்கும்போது

மறுநிரப்புக்காரர் கையில் முலாம் கெட்டுப்போகும் இடம் ஒன்று இருக்கிறது. நல்ல குண்டை வாங்கி வந்து மேசையிலேயே பாழாக்குவது இங்கேதான்.

குண்டைச் செருகுமுன் கூட்டின் வாயைச் சற்றே விரிக்க வேண்டும். விரிவு போதவில்லையென்றால் பித்தளை விளிம்பு இறங்கும்போதே செம்பைச் சீவிவிடும். சுருள் சுருளாகச் செம்புத் துருவல் மேசையில் விழும். செருகியபின் விரித்த வாயை மறுபடி இறுக்க வேண்டும். இதைக் கிரிம்ப் என்பார்கள். ரிவால்வர் தோட்டாக்களில் விளிம்பை உள்நோக்கிச் சுருட்டி, குண்டின் இடுப்பில் வெட்டிய பள்ளத்தில் அமர்த்துவது வழக்கம். பெரும்பாலான முலாம் குண்டுகளுக்கு அந்தப் பள்ளம் கிடையாது. சுருட்டிய விளிம்பு நேரே தோலில் இறங்கும்.

பத்தில் ஒரு மில்லிமீட்டர் தோலில் சுற்றிவர ஒரு வெட்டு விழுந்தால் என்ன ஆகும்? குழலுக்குள் திருகல் விசை வரும்போது அந்த வெட்டில் தோல் இரண்டாகப் பிரியும். நேர்த்தியான சுழற்சி போய்விடும். மோசமான நேரத்தில் தோலின் ஒரு வளையம் குழலிலேயே தங்கிவிடவும் கூடும். டம்டம் குண்டின் பழைய ஆபத்து வேறு வாசல் வழியாக உள்ளே வருகிறது. ஆகவே இவற்றுக்குச் சுருட்டாத, கூம்பாகச் சரியும் மெல்லிய இறுக்கமே ஏற்றது. விரித்த வாய் பழையபடி நேரானால் போதும். குண்டைப் பிடித்துவைக்கும் வேலையைக் கூட்டின் சுவரே செய்துகொள்ளும்.

சந்தேகம் இருந்தால் முடித்த தோட்டா ஒன்றைத் தியாகம் செய்து, சுத்தியல் வடிவக் கழற்றியால் தட்டிக் குண்டை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். செம்பில் லேசான மினுமினுப்புக் கோடு தெரிந்தால் சரி. விரல்நகம் தட்டுகிற பள்ளம் இருந்தால் இறுக்கம் அதிகம். சாம்பல் நிறம் தெரிந்தால் அந்தத் தொகுதியையே பிரிக்க வேண்டியதுதான்.

குண்டை எவ்வளவு ஆழம் செருகுகிறோம் என்பதையும் அளந்து வைக்க வேண்டும். கூட்டுக்குள் இடம் குறைந்தால் அதே மருந்து அதிக அழுத்தம் தரும். முலாம் குண்டின் வடிவம் உறைக்குண்டிலிருந்து சற்று மாறுபடுவதால் பழைய அளவை அப்படியே நம்பக் கூடாது.

அடி மூடியதால் வந்த லாபம்

உறைக்குண்டின் அடியில் ஈயம் திறந்திருப்பதைப் பார்த்தோம். சூடான வாயு அங்கே மோதும்போது மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் ஈயம் ஆவியாகவும் தூசாகவும் கிளம்புகிறது. திறந்த வெளியில் காற்று அள்ளிப்போய்விடும். உள்ளரங்கில் சுடுபவர் மூச்சில் அது போகிறது. அமெரிக்காவின் தொழிலிடப் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 2009இல் உள்ளரங்கச் சுடுதளங்களில் வேலை செய்பவர்களுக்கு ஈயத்தாலும் ஓசையாலும் வரும் கேடு பற்றித் தனி எச்சரிக்கையே வெளியிட்டது.

முலாம் குண்டில் செம்பு அடியையும் மூடியிருக்கிறது. தொட்டிக்குள் எந்தப் பக்கம் மேலே, எந்தப் பக்கம் கீழே என்ற பேதமில்லை. உள்ளரங்கில் சுடுபவர் உறைக்குண்டை விட்டு முலாமுக்கு வர இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து. ஈயத்தின்மேல் பாலிமர் வண்ணம் பூசிச் சுட்டெடுத்த குண்டுகளும் இப்போது போட்டிக்கு வந்துவிட்டன. பெரும்பாலும் விலை குறைவு, குழலிலும் ஈயம் படிவதில்லை. புகையும் வாடையும் மட்டும் சிலருக்குப் பிடிப்பதில்லை.

செம்பு மூடிய குண்டை வாங்கியதால் ஈயம் முழுக்க ஒழிந்தது என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண பிரைமரின் பொறி மருந்தில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. ஒவ்வொரு வெடிப்பிலும் அது சுடுபவரின் முகத்தருகே பொடியாகிறது. சுட்ட கூட்டின் உட்புறத்திலும் கரியாகப் படிகிறது. அந்தக் கூடுகளை உருட்டித் துலக்கும் எந்திரத்தின் தூசியில் கலந்திருப்பதும் அதுதான். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்க மிகச் சிறிய அளவு ஈயமே போதும். மறுநிரப்பு மேசையையும் துலக்கும் எந்திரத்தையும் சமையலறைக்கும் பிள்ளைகள் விளையாடும் இடத்துக்கும் வெளியே வையுங்கள், வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.